ஏவலும் எழுத்தும்



திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு என்றொரு வீதி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை நடத்தி வருகின்றனர். அங்குள்ள பழைய பலசரக்குக் கடை ஒன்றின் முன் சற்றே நின்று பாருங்கள். வாடிக்கைக்காரர் ஒரு சீட்டை நீட்டுகிறார். மேடையில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை அதைப் பெற்றுக்கொள்கிறார். அவர் எழுந்து செல்வதில்லை; உள்ளே முகம் திருப்பிச் சீட்டிலுள்ளதை உரக்கப் படிக்கிறார். கிடங்கில் நிற்கும் பையன் அதைக் காதால் கேட்டு, மல்லியையும் மிளகையும் எடுத்து வந்து வைக்கிறான். சீட்டு கொடுத்தவர் பையனைக் கண்டதில்லை. பையனும் அவரைக் கண்டதில்லை. இருவருக்கும் நடுவே கணக்குப்பிள்ளையின் குரல் ஒன்றுதான் பாலம்.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிளகும் மல்லியும் அன்று. கணிப்பொறியின் திரையில் நாம் ஒரு படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறோமே, அந்தச் சீட்டு எங்கே போகிறது, யார் அதைப் படிக்கிறார்கள், உள்ளறையில் இருப்பவன் யார் என்பதே இன்றைய பேச்சு. நான் கணிப்பொறி வல்லுநன் அல்லேன். கல்லூரியில் வரலாறு படித்து, மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழிப்பவன். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே பகல் முழுதும் நடப்பது என் பிழைப்பு. தமிழையும் மலையாளத்தையும் மாலை வேளைக்கென்று வைத்திருக்கிறேன். அந்த மாலை வேலையில் நேர்ந்த ஒரு பிழைதான் இந்த விஷயத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது. ஆதலால் வல்லுநர் சொல்வதைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல முடியும் என்று ஒரு துணிவு. அடிபட்டவனுக்குத்தானே வலித்த இடம் தெரியும்?

பல ஆண்டுகளாக நான் ஆட்சிச் சொற்களின் கோவை ஒன்றைத் தொகுத்து வருகிறேன். ஓர் ஆங்கிலச் சொல், அதற்கு நேரான தமிழ், பக்கத்தில் மலையாளம். முதலில் அட்டைகளில் எழுதினேன். பிறகு கணிப்பொறியில் ஏற்றினேன். மும்பையிலும் டில்லியிலும் உள்ள நண்பர்கள் அடிக்கடி கடிதம் எழுதி ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்பார்கள். அவர்களே தேடிக்கொள்ளட்டும் என்று, பழைய கணிப்பொறி ஒன்றில் ஒரு வலைவழங்கியை நிறுவி, தேடும் கட்டம் ஒன்றை வைத்தேன். அண்டை வீட்டு இளைஞர், கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிபவர், எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தார். அந்தப் பூங்கா 1990இல் தொடங்கப் பெற்றது. நம் நாட்டில் அவ்வகையில் முதலாவது. அவர் சொன்ன எச்சரிக்கைகளில் பாதியை நான் காதில் வாங்கவில்லை என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வலைவழங்கி என்பது ஓயாது காத்திருக்கும் ஒரு நிரல். உலாவியிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தால், கேட்ட பக்கத்தை எடுத்து அனுப்புவது அதன் தொழில். எழுதி வைத்த பக்கமானால் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் என் சொற்கோவையில் யார் எந்தச் சொல்லைத் தேடுவார் என்று முன்கூட்டித் தெரியாது. விடைப் பக்கம் அந்தக் கணத்தில் பிறக்க வேண்டும். வழங்கிக்குத் தமிழும் தெரியாது, தேடவும் தெரியாது. தேடத் தெரிந்த வேறொரு நிரலை அது கூவி அழைக்க வேண்டும்.

இவ்வாறு அழைப்பதற்கு ஒரு முறையை வகுத்தவர்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. என்னும் கணிப்பொறி மையத்தினர். ஆண்டு 1993. ராப் மெக்கூல் என்ற இளைஞர் அங்கே எழுதிய வலைவழங்கியில் அது இடம்பெற்றது. பொது நுழைவாயில் இடைமுகம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம், சி.ஜி.ஐ. என்றே யாவரும் அழைப்பர். பின்னாளில் உலகெங்கும் பரவிய அப்பாச்சி என்னும் வழங்கி, 1995இல் இந்த என்.சி.எஸ்.ஏ. வழங்கியின் மேல் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்ததேயாகும். இத்தனைக்கும் சி.ஜி.ஐ.யின் இலக்கணத்தை முறையாக எழுதி ஆவணமாக்கியது 2004ஆம் ஆண்டில். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. மொழியிலும் அப்படித்தானே நடக்கிறது!

அதன் நடைமுறை வியக்கத்தக்க எளிமை உடையது. நண்பர் ஒருவர் டில்லியிலிருந்து ஒரு சொல்லைத் தட்டி அனுப்புகிறார் என்று கொள்ளுங்கள். உலாவி அச்சொல்லை முகவரியின் வாலில் கேள்விக்குறியிட்டு ஒட்டி அனுப்புகிறது. தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று எண்களாகப் பிரிந்து, ஒவ்வோர் எண்ணும் முன்னால் விழுக்காட்டுக் குறி தாங்கி, ஆக ஒன்பது குறிகளாகப் போகிறது. சொல்லிடை வெளி கூட்டல் குறியாக மாறுகிறது. வழங்கி அதைப் பெற்றவுடன், உரிய நிரலைப் புதிதாக ஓடச் செய்கிறது. ஓடத் தொடங்குமுன், அதன் பக்கத்தில் சில துண்டுக் குறிப்புகளை வைத்துவிடுகிறது: வந்த கேள்வி இது, வந்த முகவரி இது, கேட்டவருடைய உலாவியின் பெயர் இது என்று. இவற்றுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். நீண்ட படிவமாக இருந்தால் அதன் உள்ளடக்கம் நிரலின் உள்ளீட்டு வாயில் வழியே ஊட்டப்படுகிறது. நிரல் தன் விடையைச் சும்மா அச்சிட்டால் போதும். வழங்கி அதைப் பிடித்து நண்பருக்கு அனுப்பிவிடும். முதலில் இன்ன வகை விடை என்று ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி, பிறகு விடை. அந்த வெற்று வரியை மறந்தமையால் முதல் நாள் முழுவதும் ஐந்நூறு என்ற பிழை எண்ணையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை தந்ததும் நிரல் மடிந்து போகிறது. அடுத்த கேள்விக்கு இன்னொரு பிறவி. இந்தப் பிறவிச் சுழல் வேகத்துக்குப் பகை என்பதால், பெரிய நிலையங்கள் வேறு முறைகளுக்கு மாறிவிட்டன. என்னைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு இதுவே போதும்.

இப்போது உள்ளறைப் பையனிடம் வருவோம். என் நிரலைப் பெர்ல் என்னும் மொழியில் எழுதியிருந்தேன். ஆனால் சொல்லைத் தேடும் வேலையை அது செய்யவில்லை. யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் கிரெப் என்றொரு கருவி உண்டு. கோப்பு ஒன்றில் ஒரு சொல் வரும் வரிகளை எல்லாம் அது பொறுக்கித் தரும். கையில் அவ்வளவு நல்ல கருவி இருக்கும்போது நான் ஏன் புதிதாக எழுத வேண்டும்? ஆகவே, கிரெப் என்ற பெயர், அதன் பின் நண்பர் கேட்ட சொல், அதன் பின் என் சொற்கோவையின் கோப்புப் பெயர், இம்மூன்றையும் ஒரே வாக்கியமாகக் கோத்து, ஷெல் என்பவனிடம் கொடுத்துவிட்டேன்.

ஷெல் என்றால் ஓடு. கணிப்பொறியின் உட்கருவைச் சுற்றி, விதையைப் பொதிந்த ஓடுபோல் நிற்பதனால் அப்பெயர். மனிதர் தட்டும் கட்டளையைப் படித்து நிறைவேற்றுவது அதன் கடமை. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் என்பவர் எழுதி, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல் இவ்வினத்தில் பெரும்புகழ் பெற்றது. இந்த ஏவலாள் மிகவும் கெட்டிக்காரன், அதுதான் தொல்லை. அவனுக்குச் சில குறிகள் வெறும் குறிகள் அல்ல. செங்குத்துக் கோடு வந்தால், ஒன்றன் விடையை மற்றொன்றுக்கு ஊட்டு என்று பொருள். டாலர் குறி வந்தால், பின்வருவது ஒரு மாறியின் பெயர் என்று பொருள். அரைப்புள்ளி வந்தால், ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள்.

அரைப்புள்ளி! மொழிபெயர்ப்பாளனுக்கு அதைப்போல் உற்ற தோழன் யார்? ஒரு சொல்லுக்கு இரண்டு நேர்ச்சொற்கள் இருந்தால் நடுவே அரைப்புள்ளி இடுவதே அகராதி மரபு. டில்லி நண்பர் ஒருவர், அவரும் நம் தொழிலினர், ஒருநாள் தேடும் கட்டத்தில் ஒப்புதல் என்று எழுதி, அரைப்புள்ளியிட்டு, இசைவு என்று எழுதிப் பொத்தானை அழுத்தினார். விடை ஒன்றும் வரவில்லை. சொற்கோவை பழுதுபட்டதோ என்று எனக்குத் தெரிவித்தார். நான் வழங்கியின் பிழைக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். இசைவு என்றொரு கட்டளை இல்லை என்று ஷெல் புகார் எழுதி வைத்திருந்தது.

முதலில் சிரித்தேன். இசைவு எப்படிக் கட்டளையாகும்? பிறகு அந்த வரியை மீண்டும் படித்தேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். நான் கோத்த வாக்கியத்தில் முதலில் கிரெப், பின் ஒப்புதல், அடுத்து அரைப்புள்ளி. அதோடு ஷெல் ஒரு கட்டளையை முடித்துக்கொண்டது. தேட வேண்டிய கோப்பின் பெயர் அந்தப் பகுதியில் இல்லாமையால் கிரெப் வெறுங்கையோடு திரும்பிற்று. மீதி இருந்தவை இசைவு என்ற சொல்லும், என் சொற்கோவையின் பெயரும். இசைவு என்னும் கருவியை எடுத்துச் சொற்கோவையின் மேல் செலுத்து என்று ஷெல் அதைப் பொருள் கொண்டது. அப்படி ஒரு கருவி இல்லாததனால் புகாரோடு முடிந்தது. இசைவு என்பதற்குப் பதிலாக, கோப்பை அழிக்கும் கருவியின் பெயரை ஒருவர் எழுதியிருந்தால்? அதன் பெயர் ஆர்.எம். என்ற இரண்டே எழுத்துகள். இரண்டு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் போதும். எதை அழிப்பது என்று அவர் எழுதக்கூட வேண்டியதில்லை. என் சொற்கோவையின் பெயரை என் நிரலே மரியாதையாகப் பின்னால் எடுத்துக் கொடுத்திருக்கும்! புதுச் சொற்களை நண்பர்களே சேர்க்கட்டும் என்று அந்தக் கோப்பகத்தில் எழுதவும் நீக்கவும் வழங்கிக்கு உரிமையும் அளித்திருந்தேன். அட்டைகளை எல்லாம் கறையானுக்குப் பயந்து முந்திய ஆண்டுதான் பழைய காகிதக்காரரிடம் போட்டிருந்தேன். அன்றிரவு செய்த முதற்காரியம், கோப்பை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்தது. பிறகுதான் உணவு.

சாலைக் கடையில், சீட்டின் கடைசி வரியில் ஒருவன் கல்லாப் பெட்டியையும் எடுத்து வா என்று எழுதி, கணக்குப்பிள்ளை அதையும் சேர்த்து ஒரே குரலில் படித்துவிட்டால், பையன் கொண்டு வருவானா? கொண்டு வரமாட்டான். இது சரக்கு, இது கபடம் என்று அவனுக்குத் தெரியும். ஷெல்லுக்குத் தெரியாது. அதன் காதில் விழும் எல்லாமே முதலாளியின் குரல். நான் என் அலுவலகத்தில் நாள்தோறும் கட்டளைகளை மொழிபெயர்க்கிறேன்: இக்கோப்பினை உடனே அனுப்புக, இவ்வாவணங்களை அழித்துவிடுக என்று எத்தனையோ வரிகள். மொழிபெயர்த்துவிட்டு எழுந்து சென்று ஆவணத்துக்குத் தீ வைப்பதில்லை. அது எனக்கு எழுத்து, இன்னொருவருக்கு ஏவல்.

இந்தப் பிழையில் நான் தனியன் அல்லேன் என்று பிறகு தெரிந்து ஆறுதல் அடைந்தேன். என்.சி.எஸ்.ஏ. வழங்கியோடும் அப்பாச்சி வழங்கியோடும் மாதிரிக்கென்று பி.எச்.எஃப். என்ற சிறு நிரல் ஒன்று தரப்பட்டிருந்தது. தொலைபேசி அடைவில் பெயர் தேடுவதற்கான படிவம் அது. அபாயமான குறிகளை எல்லாம் முடக்கிய பின்பே ஷெல்லுக்கு அனுப்ப வேண்டும் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்தே இருந்தனர். அரைப்புள்ளியை முடக்கினர், செங்குத்துக் கோட்டை முடக்கினர். புதுவரிக் குறியை மட்டும் மறந்துவிட்டனர். ஷெல்லுக்கு வரி முடிந்தாலும் கட்டளை முடிந்ததுதான். பெயர் எழுதும் இடத்தில் ஒரு புதுவரியைச் செருகி, கணிப்பொறியின் கடவுச்சொல் கோப்பைக் காட்டு என்று எழுதி அனுப்பினார்கள் குறும்பர்கள். 1996இல் இதைப் பற்றிப் பகிரங்க எச்சரிக்கை வெளியாயிற்று. விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டால், பட்டியலில் விடுபட்டது ஒன்று எப்போதும் இருக்கும். அனுமதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதே மேல்.

இதனினும் பெரிய சம்பவம் ஒன்று 2014இல் நிகழ்ந்தது. அதற்கும் இந்த நகரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2001ஆம் ஆண்டு ஜூலையில், ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தார். மென்பொருளை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்று 1983இல் குனு என்னும் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். அவர் முன்னிலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியப் பிரிவு இங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பின்னர் அத்தகைய மென்பொருளே வேரூன்றியது. அந்தக் குனு இயக்கத்துக்காக 1989இல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய ஷெல்லுக்குப் பாஷ் என்று பெயர். போர்னின் ஷெல் மறுபிறவி எடுத்தது என்று சொல்விளையாட்டாக வைத்த பெயர். லினக்ஸ் கணிப்பொறி ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் நாம் முதலில் பேசுவது பாஷிடம்தான்.

நான் சற்றுமுன் சொன்ன துண்டுக் குறிப்புகளை, சூழல் மாறிகளை, நினைவிற்கொள்ளுங்கள். பாஷுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுந்தவுடன் அந்தக் குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கும். ஏதேனும் ஒரு குறிப்பு, ஷெல் மொழியில் எழுதிய சிறு செய்முறை போல் தொடங்கினால், இது நமக்கு நம் முன்னோன் விட்டுச்சென்ற குறிப்பு என்று எண்ணி அதைக் கற்றுக்கொள்ளும். அதுவரை குற்றமில்லை. செய்முறை முடிந்த பிறகும் எழுத்து நீண்டு சென்றால், அந்த வாலையும் கட்டளையாகக் கொண்டு நிறைவேற்றிவிட்டது. இதற்குச் சொல்லைத் தேடும் கட்டம்கூட வேண்டாம். உலாவி தன் பெயரைச் சொல்லுகின்றதே, அந்தப் பெயருக்குப் பதிலாக இத்தகைய வரி ஒன்றை அனுப்பினால், வழங்கி அதை ஒரு சூழல் மாறியில் கள்ளமின்றி எழுதி வைக்கும். சி.ஜி.ஐ. வழியே பாஷ் எழுந்திருக்கும் கணத்தில் கட்டளை நிறைவேறிவிடும். வாசலில் வந்தவன் தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரே மந்திரமாகிக் கதவைத் திறந்தது.

ஸ்டீஃபான் ஷாசெலா என்ற வல்லுநர் இதை 2014 செப்டம்பரில் கண்டறிந்தார். அம்மாதம் 24ஆம் நாள் செய்தி வெளியாயிற்று. ஷெல்ஷாக் என்று பெயரிட்டனர். திருத்தமும் அன்றே வெளிவந்தது. அது முழுமையானதன்று என்று தெரிந்து, அடுத்தடுத்த நாட்களில் மேலும் திருத்தங்கள் வந்தன. அதற்குள் உலகெங்கும் கணிப்பொறிகளைக் கைப்பற்றும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. பிழை புகுந்த ஆண்டோ 1989. அப்போது வையவிரிவு வலையே பிறக்கவில்லை, சி.ஜி.ஐ.யும் இல்லை. வீட்டுக்குள் வைத்திருந்த ஒரு பழக்கம், வீட்டுச் சுவரை இடித்து வீதியாக்கிய பின் அபாயமாயிற்று. எல்லோரும் படிக்கத் திறந்து வைத்த நிரலில் கால் நூற்றாண்டு ஒரு பிழை ஒளிந்திருந்ததே என்று சிலர் ஏளனம் செய்தார்கள். ஐந்து பேர் கையெழுத்திட்ட அச்சுப்படியில், முதல் வரியிலேயே பிழையோடு சுற்றறிக்கை வெளிவந்ததை நான் கண்டிருக்கிறேன். படிக்க முடிவது வேறு, படித்தது வேறு. எனினும் திறந்திருந்தமையால்தான் வெளியிலிருந்த ஒருவர் அதைக் கண்டு சொல்ல முடிந்தது என்பதே என் கருத்து.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். உங்களில் பலர் ஊர்ச் சங்கத்துக்கென்று ஒரு சிறு வலைத்தளம் வைத்திருப்பீர்கள். யாரோ ஓர் இளைஞர் அமைத்துக் கொடுத்துவிட்டு வேறு நகரத்துக்கு வேலைக்குப் போயிருப்பார். அதில் உறுப்பினர் பெயர் தேடும் கட்டமோ, கடிதம் அனுப்பும் படிவமோ இருந்தால், வருகின்ற எழுத்து எங்கே போகிறது என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். உறுப்பினர்களின் முகவரிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன அல்லவா? இன்னொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இணைய இணைப்புக்காகச் சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டி, ரூட்டர் என்பது, தன்னுள்ளே ஒரு வலைவழங்கியைத் தாங்கியது. அதன் அமைப்புப் பக்கத்தில், இன்ன முகவரி உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டம் ஒன்று பலவற்றில் உண்டு. அங்கே எழுதும் முகவரியை அப்படியே ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும் பெட்டிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. என் பிழையே, தொழிற்சாலையில் செய்தது. விற்பனையோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவதும், தயாரிப்பாளர் தரும் திருத்தங்களை ஏற்றுவதும், அமைப்புப் பக்கத்தை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதிருப்பதும் நாம் செய்யக்கூடியவை.

என் சொற்கோவைக்கு வந்த மருந்து மிகச் சிறியது. அண்டை வீட்டு இளைஞர் என் நிரலைப் பார்த்து ஒரே ஒரு வரியை மாற்றினார். மூன்றையும் ஒரே வாக்கியமாகக் கோத்து ஷெல்லிடம் கொடுப்பதை விட்டு, கருவியின் பெயர் ஒன்று, தேடும் சொல் ஒன்று, கோப்பு ஒன்று எனத் தனித்தனியே கிரெப்பின் கையிலேயே நேராகக் கொடுக்கும்படி செய்தார். நடுவே ஷெல் இல்லை. ஆகவே அரைப்புள்ளிக்கு மந்திர சக்தியும் இல்லை. ‘‘மாமா, சொல் சிறுகோட்டில் தொடங்கினால் கிரெப் அதைத் தனக்கிட்ட ஆணையாக நினைக்கும்’’ என்று சொல்லி, இதற்கு மேல் வருவதெல்லாம் தேடவேண்டிய சொல்லே என்று உணர்த்தும் இரட்டைக் கோட்டையும் இடையில் இட்டார். சொற்கோவையை மாற்றும் உரிமையை வழங்கியிடமிருந்து பறித்துவிட்டேன். புதுச் சொற்கள் இப்போது வேறொரு கோப்பில் வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே படித்துப் பார்த்துச் சேர்க்கிறேன். அதில் ஒரு பயனும் கண்டேன். நண்பர்கள் அனுப்பும் சொற்களில் பாதி சேர்க்கத் தகாதவை.

டில்லி நண்பரின் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரைப்புள்ளியைக் கண்டால் இரு சொற்களாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே தேடும்படி நிரலை அமைத்துவிட்டோம். சென்ற வாரம் அவர் மீண்டும் ஒப்புதல், அரைப்புள்ளி, இசைவு என்று எழுதித் தேடியிருக்கிறார். இரண்டுக்கும் விடை கிடைத்தது. இசைவு என்பதற்கு நான் தந்திருக்கும் மலையாளச் சொல் சரியில்லை என்று ஒரு கடிதமும் வந்திருக்கிறது. அதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.